சென் பியர்: ஒரே காலையில் அழிந்த ஊர்

கரீபியன் கடலில் இருக்கும் மார்த்தினிக் தீவில் இன்றைக்கும் செலவாகும் பணம் யூரோதான். அது இன்னும் பிரான்சின் ஒரு பகுதி. அதன் மேற்குக் கரையில் உள்ள சென் பியரில் இப்போது சில ஆயிரம் பேரே வாழ்கிறார்கள். ஆனால் ஒரு காலத்தில் இதைக் ‘குட்டி பாரிஸ்’ என்றுதான் அழைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1635இல் இங்கேதான் முதலில் குடியேறினார்கள். 18ஆம் நூற்றாண்டிலேயே கல்லால் கட்டிய நாடக அரங்கு, கதீட்ரல், பின்னாளில் தெருவில் குதிரை டிராம் என்று பகட்டான ஊர்.

அந்தப் பகட்டெல்லாம் சர்க்கரையிலும் ரம்மிலும் வந்தது. கரும்பை வெட்டியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். 1848 ஏப்ரலில் பாரிஸ் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டது. அது கப்பலில் வந்து சேரும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை. மே 22 அன்று சென் பியரில் கிளர்ந்தெழுந்தார்கள். மறுநாளே ஆளுநர் விடுதலையை அறிவிக்க வேண்டியதாயிற்று.

இப்போது தோட்டக்காரர்களுக்கு ஆள் வேண்டும். அங்கேதான் நம்மவர்கள் வருகிறார்கள். 1853 மே மாதம் ‘ஒரேலி’ என்ற கப்பல் முந்நூற்றுச் சொச்சம் இந்தியர்களை இதே துறைமுகத்தில் இறக்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் சுமார் 25,000 பேர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்தார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் ஏறியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். (புதுச்சேரியும் அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததை நினைவில் வையுங்கள்.)

ஊருக்கு வடக்கே ஏழு கிலோமீட்டர் தள்ளி பெலே எரிமலை. 1902 ஏப்ரலில் அது புகைய ஆரம்பித்தது. தெருவெல்லாம் சாம்பல், கந்தக நாற்றம். மே 5 அன்று மலையிலிருந்து இறங்கிய கொதிக்கும் சேறு ஒரு சர்க்கரை ஆலையை ஆட்களோடு மூடியது. சுற்றுப்புறக் கிராமத்து மக்கள் பாதுகாப்பு என்று நினைத்து சென் பியருக்குள் வந்து குவிந்தார்கள்.

தேர்தலுக்காக அரசாங்கம் மக்களைப் போகவிடாமல் வைத்தது என்று பல இடங்களில் படிப்பீர்கள். மே 11 அன்று இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு இருந்தது உண்மை. ஆனால் எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஆளுநர் மூத்தே தன் மனைவியோடு சென் பியருக்கே வந்து தங்கி, அங்கேயே இறந்தார். ஊருக்கு ஆபத்தில்லை என்று மே 7 அன்று அறிக்கை கொடுத்த குழுவில் இருந்த இயற்கை அறிவியல் ஆசிரியர் லாந்தும் இறந்தார். எரிகுழம்பு வந்தால் பள்ளத்தாக்குகள் வழியாகக் கடலுக்குப் போய்விடும் என்று கணக்குப் போட்டார்கள். எரிகுழம்புக்கு அது சரியான கணக்கு. வந்தது வேறு.

மே 8 காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின், எரிவாயுவும் சாம்பலும் கற்களும் கலந்த மேகம் ஒன்று தரையோடு தரையாக ஊரை நோக்கிப் பாய்ந்தது. ஓரிரு நிமிடங்களில் சுமார் 28,000 பேர் போனார்கள். அப்படி ஒரு மேகம் இருக்கிறது என்று அன்று அறிவியலுக்கே சரியாகத் தெரியாது. பின்னால் வந்து ஆராய்ந்த அல்ஃபிரெட் லக்ருவா அதற்கு ‘நுயே ஆர்தாந்த்’, அதாவது எரியும் மேகம், என்று பெயர் வைத்தார். மேகம் வடக்கிலிருந்து வந்ததால் அதை எதிர்த்து நின்ற கிழக்கு–மேற்குச் சுவர்கள் தரைமட்டமாயின. வடக்கு–தெற்குச் சுவர்கள் பல நின்றன. பொறியியல் படித்தவனுக்கு இந்த ஒரு விவரம் மறக்காது.

சிறையில் இருந்த சிபாரிஸ் மட்டுமே தப்பினார் என்பது சர்க்கஸ் விளம்பரம் பரப்பிய கதை. தீக்காயங்களோடு மீட்கப்பட்ட அவரை பார்னம் அண்ட் பெய்லி சர்க்கஸ் அமெரிக்காவில் காட்சிக்கு வைத்தது. கொம்பேர் லெயாந்தர் என்ற செருப்புத் தொழிலாளியும் ஊரிலிருந்து உயிரோடு வெளியேறினார்.

சென் பியர் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. அங்குள்ள அருங்காட்சியகத்தில் நசுங்கிய கதீட்ரல் மணியைப் பார்க்கலாம். அப்படியே மலையைச் சுற்றிக்கொண்டு வடக்கே பாஸ் புவான்த் பக்கம் போனால் சிறிய கோயில்கள் உண்டு. தமிழ் பேசத் தெரியாதவர்கள் அங்கே ‘மல்தேவிதான்’ என்ற சாமியைக் கும்பிடுகிறார்கள். நம் மதுரைவீரன்தான்.