வடிதாள் போன வழி

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் மெய்ட்ஸ்டன் என்ற ஊர் காகித ஆலைகளுக்குப் பேர் போனது. பருத்தி இழையைக் கூழாக்கி அங்கே செய்த வெள்ளைத் தாள்களில் ஒன்று வாட்மன் 1. வேதியியல் ஆய்வகத்தில் வடிகட்டப் பயன்படும் வடிதாள் அது. புனலில் மடித்து வைப்பார்கள், வடிந்ததும் குப்பையில் போடுவார்கள். 1944க்குப் பிறகு அதே தாளைத்தான் உயிர்வேதியியலாளர்கள் குப்பையில் போடாமல் தேதியிட்டுப் பத்திரப்படுத்தத் தொடங்கினார்கள்.

தாளில் சொட்டிய திரவம் ஊறிப் பரவும்போது அதிலுள்ள பொருள்கள் பிரிவதைப் பலர் முன்பே கண்டிருந்தார்கள். ஜெர்மனியின் ஒரானியன்பர்க்கில் இருந்த ருங்கே, சாயக் கரைசல்களைத் தாளில் சொட்டவிட்டு, பூப்போல விரியும் அந்தக் கோலங்களை 1850களில் புத்தகங்களாகவே வெளியிட்டார். ரஷ்யத் தாவரவியலாளர் ட்ஸ்வெட், கண்ணாடிக் குழாயில் கால்சியம் கார்பனேட் தூளை அடைத்து இலைச்சாற்றை ஊற்றி, பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாக இறங்குவதை 1906இல் எழுதி வைத்தார். வண்ணப்பிரிகை என்ற முறை அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் இருவர் கையிலும் சிக்கியவை நிறமுள்ள பொருள்கள். உயிரின் சரக்கில் பெரும்பகுதிக்கு நிறமே கிடையாது.

அந்தத் தடை உடைந்த இடம் லீட்ஸ் நகரத்துக் கம்பளி ஆய்வு நிலையம். கம்பளி ஒரு புரதம். புரதம் சுமார் இருபது வகை அமினோ அமிலங்களால் ஆனது. லியூசினும் ஐசோலியூசினும் வேலினும் அண்ணன் தம்பி போல ஒரே சாயலில் இருக்கும். அவற்றைப் பிரித்து அளப்பது அன்றைக்குப் பெரும்பாடு. ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும் 1941இல் ஒரு வழி கண்டார்கள். சிலிக்கா களியில் தண்ணீரை அசையாமல் பிடித்து நிறுத்தி, அதன்மேல் குளோரோபாம் வழிந்தோட விட்டார்கள். ஒவ்வொரு பொருளும் நிற்கும் தண்ணீருக்கும் ஓடும் குளோரோபாமுக்கும் இடையே தன்னைத் தனக்கே உரிய விகிதத்தில் பங்கிட்டுக்கொள்ளும். தண்ணீரை விரும்புவது பின்தங்கும், எண்ணெய்த் தன்மை உள்ளது முந்தும். சிலிக்கா எல்லா அமினோ அமிலங்களுக்கும் ஒத்துழைக்கவில்லை. தண்ணீரைப் பிடித்து வைக்க வேறொன்று வேண்டியிருந்தபோது வடிதாளை எடுத்தார்கள். காய்ந்திருப்பதாகத் தோன்றினாலும் தாளின் செல்லுலோஸ் இழைகளுக்குள் எப்போதும் ஈரம் உண்டு. கான்ஸ்டன், கோர்டன், மார்ட்டின் மூவரும் 1944இல் வெளியிட்ட கட்டுரையோடு தாள் வண்ணப்பிரிகை பிறந்தது.

செய்முறை எளிது, ஆனால் கவனம் கேட்கும். தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். மைக்கோடு போட்டால் கோடே கரைந்து ஓட ஆரம்பித்துவிடும். கோட்டின்மேல் புரதத்தை அமிலத்தில் கொதிக்க வைத்து எடுத்த கரைசலில் ஒரு சிறு சொட்டு. உலர்ந்ததும் தாளை மூடிய கலத்துக்குள் தொங்கவிட்டு, அதன் நுனியைப் பினாலிலோ பியூட்டனாலிலோ நனைய விட வேண்டும். இரவு முழுவதும் ஊறும். காலையில் எடுத்து உலர்த்தினால் ஒன்றுமே தெரியாது, வெறும் வெள்ளைத் தாள். அதன்மேல் நின்ஹைட்ரின் கரைசலைத் தெளித்துச் சூடு காட்டினால், எதுவும் இல்லாத இடங்களில் ஊதாப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழும்பும். புரோலின் மட்டும் மஞ்சளாக வரும். கரைப்பான் 30 செ.மீ. ஏறி, புள்ளி 12 செ.மீ. நகர்ந்திருந்தால், 12-ஐ 30-ஆல் வகுத்து வரும் 0.4தான் அந்தப் புள்ளியின் எண். அதே தாள், அதே கரைப்பான், அதே வெப்பநிலை என்றால் அந்தப் பொருள் அநேகமாக அதே இடத்தில்தான் நிற்கும். சந்தேகம் வந்தால் தெரிந்த பொருளையும் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்க்கலாம். ஒன்றன்மேல் ஒன்று விழுந்த புள்ளிகளைப் பிரிக்கத் தாளைப் பக்கவாட்டில் திருப்பி வேறொரு கரைப்பானில் மறுபடி ஓடவிடுவார்கள். ஒரு தாள், இரண்டு திசை.

தாளை ஓரத்தில் மட்டுமே தொட வேண்டும் என்பதும் ஒரு விதி. விரல் பட்ட இடத்தில் வியர்வையிலுள்ள அமினோ அமிலங்களும் ஊதாவாக எழுந்து, ரேகை அப்படியே தெரிந்துவிடும். ஆய்வாளர்களுக்கு அது தொந்தரவு. ஸ்வீடனில் ஓடேன், வான் ஹோஃப்ஸ்டன் இருவரும் 1954இல் அந்தத் தொந்தரவையே காவல்துறைக்கான கருவியாக முன்வைத்தார்கள். காகிதத்தில் பதிந்த கைரேகையை எடுக்க இன்றும் நின்ஹைட்ரின் பயன்படுகிறது.

இந்தத் தாளின் பெருமை வேகமோ மலிவோ அல்ல என்பது என் எண்ணம். பழைய முறைகளில் லியூசின் இருக்கிறதா என்று கேட்டால் லியூசினைப் பற்றி மட்டும் பதில் வரும். தாளோ யாரும் கேட்காததையும் காட்டியது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் யூஜின் ராபர்ட்ஸ் சுண்டெலியின் திசுக்களைப் பிழிந்து தாளில் ஓட்டிக்கொண்டிருந்தார். மூளையிலிருந்து எடுத்த சாற்றில், எந்தப் பட்டியலிலும் பொருந்தாத ஒரு புள்ளி பளிச்சென்று விழுந்தது. அதை வெட்டி எடுத்து அடையாளம் கண்டபோது அது காமா அமினோபியூட்டிரிக் அமிலம், சுருக்கமாக காபா. 1950இல் அறிவித்தார். மூளை நரம்புகளை அடக்கிவைக்கும் முதன்மையான வேதிப்பொருள் அது என்று பிற்பாடு தெரிந்தது. அவர் அதைத் தேடிப் போகவில்லை. தாளில் அது இருந்தது.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்காஃப் டி.என்.ஏ.வின் காரங்களைத் தாளில் பிரித்தார். அந்தந்த இடத்தை வெட்டிக் கரைத்துப் புற ஊதா ஒளியில் அளந்தார். அடினினும் தைமினும் ஒரே அளவு, குவானினும் சைட்டோசினும் ஒரே அளவு என்று வந்தது. வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருளைக் கட்டியபோது இந்தச் சமன் அதற்குள் கச்சிதமாகப் பொருந்தியது. கேம்பிரிட்ஜில் சேங்கர் இன்சுலினைத் துண்டுதுண்டாக உடைத்து, துண்டுகளைத் தாளில் பிரித்து, 51 அமினோ அமிலங்களின் வரிசையையும் படித்து முடித்தார். கலிபோர்னியாவில் கால்வின் குழு பாசிக்குக் கதிரியக்கக் கார்பனை ஊட்டி, சில நொடிகளில் கொன்று, சாற்றைத் தாளில் ஓட்டி எக்ஸ்ரே பிலிமை ஒட்டி வைத்தது. பிலிமில் விழுந்த கரும்புள்ளிகள்தான் ஒளிச்சேர்க்கையின் பாதை. அந்தத் தாள்களில் பெரும் உழைப்பு ஆண்ட்ரூ பென்சனுடையது. 1961 நோபல் பரிசு கால்வினுக்கு மட்டும் போனது, நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கே. வி. கிரி 1950களின் தொடக்கத்தில் தாளை வட்டமாக வெட்டினார். நடுவில் சொருகிய திரி வழியே கரைப்பான் ஏறி எல்லாப் பக்கமும் பரவும். அமினோ அமிலங்கள் வளையங்களாகவும் வில்களாகவும் விரியும். உயரமான கலமோ பெரிய இடமோ வேண்டாம். கையிருப்பு குறைந்த நம் ஆய்வகங்களுக்கு அது எவ்வளவு உதவியிருக்கும்!

மார்ட்டினும் சிங்கும் 1952இல் நோபல் பெற்றார்கள். அதே ஆண்டில் மார்ட்டின், ஜேம்ஸ் என்பவரோடு சேர்ந்து வாயு வண்ணப்பிரிகையை வெளியிட்டார். தாளின் இடத்தைப் பிடிக்கப்போகும் கருவிகளில் ஒன்று தாளைக் கொண்டுவந்தவர் கையிலிருந்தே வந்தது. பிறகு கண்ணாடித் தகட்டில் பூசிய சிலிக்கா வந்தது, உயரழுத்தத் திரவக் கருவிகள் வந்தன. ஓர் இரவு எடுத்த வேலை சில நிமிடங்களில் முடிந்தது. தாள் பள்ளிக்கூடச் சோதனையாகச் சுருங்கியது.

சுருங்குவதற்கு முன் அது செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கேம்பிரிட்ஜில் இன்கிராம் 1956இல் செய்தது. அரிவாள் செல் சோகை உள்ளவரின் ஹீமோகுளோபினையும் நலமுள்ளவரின் ஹீமோகுளோபினையும் டிரிப்சினால் வெட்டினார். கிடைத்த துண்டுகளைத் தாளில் ஒரு திசையில் மின்சாரத்தாலும் மறுதிசையில் கரைப்பானாலும் பிரித்தார். ஏறக்குறைய முப்பது புள்ளிகள். இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒத்துப்போயின. ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. அந்தத் துண்டில் குளுட்டமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் இருந்தது என்று அடுத்த ஆண்டு காட்டினார். ஒரு மரபணுப் பிழை ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றி நோயாகிறது என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. அதே நோயின் மரபுக்கூறு நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இருப்பதை லேமனும் கட்புஷும் 1952இலேயே கண்டறிந்திருந்தார்கள். இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களின் ரத்தத்தில் இன்றும் மருத்துவர்கள் தேடுவது இன்கிராமின் தாளில் இடம் மாறி நின்ற அந்த வேலினின் விளைவைத்தான்.