தொழிற்பிரிவு வழி உயர்கல்வி (புதுச்சத்திரம் வட்டாரம்)

சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலையில் உள்ள புதுச்சத்திரம், நாமக்கல் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றின் தலைமையிடம். இங்கே பத்தாம் வகுப்பு தேறும் மாணவர் பட்டப்படிப்பை எட்ட நான்கு வழிகள் உண்டு: மேல்நிலைப் பள்ளியின் பொதுப்பிரிவு, அதே பள்ளியின் தொழிற்பிரிவு (பேச்சு வழக்கில் ‘வொக்கேஷனல் குரூப்’), பாலிடெக்னிக், ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்).

பள்ளித் தொழிற்பிரிவு 1978இல் மேல்நிலைக் கல்வியோடு தமிழ்நாட்டில் தொடங்கியது. பத்தாம் வகுப்புக்குப் பின் பாதிப் பேராவது தொழிற்கல்விக்குச் செல்லவேண்டும் என்பது கோத்தாரி ஆணையத்தின் (1964–66) கனவு. 1978இல் மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான தேசிய மறுஆய்வுக் குழுவும் தொழிற்கல்வியை வலியுறுத்தியது. 1986 தேசியக் கல்விக் கொள்கை இலக்கைச் சுருக்கி, 1995க்குள் 25 விழுக்காடு என்றது, அதுவும் கைகூடவில்லை. அடிப்படை இயந்திரவியல், வேளாண் அறிவியல், செவிலியம், அலுவலக மேலாண்மை முதலியவை இன்றைய பாடங்களுள் சில. எனினும் ஆசிரியர் ஓய்வுபெற்றபின் பணியிடம் நிரப்பப்படாத பள்ளிகளில் பிரிவே மூடப்பட்டது. ஆகவே பல ஊர்களில் மாணவர் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே தேர்வு முடிந்துவிடுகிறது.

பொறியியல் சேர்க்கையில் பொதுப்பிரிவினரின் 200 மதிப்பெண், கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 எனக் கணக்கிடப்படுகிறது. தொழிற்பிரிவினருக்குத் தொடர்புடைய ஓர் அறிவியல் அல்லது கணிதப் பாடம் 100, தொழிற்பாடத்தின் கருத்தியலும் செய்முறையும் சேர்ந்து 100. இவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் சில துறைகளில் மட்டுமே. பட்டறை வேலையில் தேர்ந்த மாணவருக்கு இது நல்ல வாசல்தான், அகலம் போதாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி (1985) உள்ளிட்டவற்றின் பட்டப்படிப்புக்கும் தொழிற்பிரிவினருக்கெனத் தனித் தரவரிசைப் பட்டியல் உண்டு. கோழிப்பண்ணைகள் நிறைந்த இந்த வட்டாரத்தில் அதற்கு உரிய கவனம் கிடைக்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

பாலிடெக்னிக் வழி பெற்றோர் எண்ணுவதைவிட வலுவானது. மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். இதற்கான கலந்தாய்வைப் பல ஆண்டுகள் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி நடத்தியது. பத்தாம் வகுப்புக்குப் பின் பள்ளி இரண்டு, பி.இ. நான்கு என்றால் ஆறாண்டு. டிப்ளமோ மூன்று, பி.இ. மூன்று என்றாலும் அதே ஆறு. நடுவில் நின்றுவிட்டாலும் கையில் வேலைக்குரிய சான்றிதழ் இருக்கும். ஒரே தொல்லை, கணிதம். முதலாண்டுப் பி.இ. கணிதத்தைப் படிக்காமல் மூன்றாம் பருவத்தில் நுழைபவர் அங்கேதான் தடுமாறுகிறார்.

ஐடிஐ முடித்தவரும் தொழிற்பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவரும் டிப்ளமோவின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். அவ்வழியில் பட்டம்வரை ஏழாண்டு ஆகும். பத்தாம் வகுப்புக்குப் பின் ஐடிஐ முடித்தவர் பன்னிரண்டாம் வகுப்பின் மொழித்தேர்வுகளில் தேறினால் அந்த வகுப்புக்கு இணையான தகுதியும் கிடைக்கிறது.

இத்தனை வழிகள் இருந்தும், கல்வியில் நாமக்கல், ராசிபுரம் பகுதிகளின் பெயர் பரவியது வேறொரு வகையில். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டும் மனப்பாடம் செய்வித்த தனியார் விடுதிப் பள்ளிகளை ஊரார் ‘பிராய்லர் பள்ளி’ என்றனர். கோழி ஊருக்கு ஏற்ற கேலி. 2017–18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு வந்ததற்கு இப்பழக்கமும் ஒரு காரணம். ‘பர்ஸ்ட் குரூப்’ எனப்படும் கணித–அறிவியல் பிரிவின் மீதான மோகம் அதற்குப் பின்னும் தணியவில்லை. லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளை ஊர் முழுக்க வைத்துள்ள மாவட்டம், அத்தொழிலுக்கு நெருக்கமான பிரிவுகளை மதிப்பெண் குறைந்தோருக்கே ஒதுக்கிவைத்தது.

தொழிற்பிரிவினருக்கு உயர்கல்வி வாசல் குறுகியிருக்கும் இச்சிக்கலை இலங்கை வேறுவிதமாகக் கையாண்டது: 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இரத்மலானையில் தொழிற்கல்விக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் நிறுவியது, 2013இல் உயர்தர (மேல்நிலைக்கு இணையான) வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவையும் சேர்த்தது. ஜெர்மனியில் 2009 முதல், கைத்தொழிலில் ‘மைஸ்டர்’ தேர்வில் தேறியவர் பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாமலேயே பல்கலைக்கழகத்தில் சேரலாம்.