மலைக்குத் தெற்கே, மலைக்கு வடக்கே

ஏற்காட்டில் 'லேடீஸ் சீட்' என்று ஒரு பாறைமுனை உண்டு. இருட்டிய பின் அங்கே நின்றால், கீழே சேலம் நகரத்து விளக்குகள் கண்ணைப் பறிக்கும். எந்த விளக்கின் கீழ் யார் அழுகிறார்கள் என்பது மட்டும் அவ்வளவு உயரத்திலிருந்து தெரியாது. சட்டம் எழுதுகிறவர்கள் நிற்பதும் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான்.

1820-களில் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். 1860-ல் துரைமார்கள் தேசம் முழுவதற்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் 377-ஆவது பிரிவு, 'இயற்கைக்கு விரோதம்' என்று பெயர் சூட்டி, ஒரே பாலினத்தார் கொள்ளும் உறவைத் தண்டித்தது. சட்டம் குற்றம் என்றதை ஊர் அவமானம் என்றது. ஆணாக வளர்க்கப்பட்டுத் தம்மைப் பெண்ணாக உணர்கிறவர்களின் கதை வேறு. ஆனாலும் அந்த அவமானம் அவர்களையும் விடவில்லை.

சேலத்தில் பிறந்த பிரித்திகா யாஷினிக்கும் அது நேர்ந்தது. விஷயம் தெரிந்ததும் வீட்டார் டாக்டர், ஜோசியர், கோயில் என்று அலைந்தார்கள். அவர் சென்னைக்குப் போய்ப் பிழைப்புத் தேடிக்கொண்டார். போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு மனுப் போட்டார். திருநங்கையரின் உரிமைகளை 2014 ஏப்ரலிலேயே சுப்ரீம் கோர்ட் அங்கீகரித்திருந்தது. விண்ணப்பப் படிவம் அந்தத் தீர்ப்பைப் படிக்கவில்லை போலும்! ஆணா, பெண்ணா என்று இரண்டே கட்டங்கள். மனு தள்ளுபடியாயிற்று.

அவர் சும்மா இருக்கவில்லை, ஹைகோர்ட் படியேறினார். பரீட்சை எழுதுவதற்கே வழக்காட வேண்டியிருந்தது. 2015 நவம்பரில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2017 ஏப்ரலில் தருமபுரியில் சப்-இன்ஸ்பெக்டராகப் பொறுப்பேற்றார். மலைக்குத் தெற்கே சேலம், வடக்கே தருமபுரி. பஸ்ஸில் சொற்ப நேரப் பிரயாணம். அவர் மட்டும் சென்னைக் கோர்ட்டைச் சுற்றிக்கொண்டு போக நேர்ந்தது.

2018 செப்டம்பர் 6-ஆம் தேதி, வயது வந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமல்ல என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2021-ல், காதலித்த இரண்டு பெண்கள் பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்து ஹைகோர்ட்டில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தமக்கே முழுதாக விளங்கவில்லை என்று சொல்லி, ஒரு மனோதத்துவ நிபுணரிடம் போய்ப் பாடம் கேட்டார். அதன் பிறகே உத்தரவு எழுதினார். இவர்களை 'மாற்றுவதாக'ச் சொல்லிச் செய்யும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார்.

டில்லியில் எழுதிய தீர்ப்பு தானாக ஊர் வந்து சேர்வதில்லை. "நான் இப்படித்தான்" என்று யாராவது ஒருவர் பெயர் சொல்லி முன்வந்து அதை இழுத்துவர வேண்டியிருக்கிறது. வேலைக்கும் பாதுகாப்புக்கும் கோர்ட்டில் மனுப் போடலாம். தாய் தகப்பன் கதவைத் திறக்கவேண்டும் என்று எந்தக் கோர்ட்டில் மனுப் போடுவது? நீதிபதி ஒருவர் பாடம் கேட்கப் போனாரே, அந்தப் பணிவு நம் வீடுகளுக்கும் வந்தால் தேவலை.