கழற்ற மறந்த சாரம்

கட்டடம் எழும்போது சுற்றிலும் சாரம் கட்டுகிறார்கள். பூச்சு முடிந்ததும் பிரித்துவிடுகிறார்கள். பிரிக்காமல் விட்டால் தெருவில் போகிறவருக்கும் தெரிந்துவிடும். மென்பொருளில் அந்த வசதி இல்லை. அங்கே சாரமும் சுவரும் ஒரே எழுத்துகளால் ஆனவை. மென்பொருள் உரிமத்தின் வரலாற்றைப் புரட்டும்போது இந்த உண்மையை நாம் மீண்டும் மீண்டும் எதிர்கொள்கிறோம்.

1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ் கணினி ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். ஆல்டேர் கணினிக்காகத் தாமும் நண்பர்களும் உருவாக்கிய பேசிக் மொழியைப் பெரும்பாலோர் காசு கொடுக்காமல் நகலெடுக்கிறார்கள் என்பது அவரது மனத்தாங்கல். மடலால் ஆகாத காரியத்தை நிரலாலேயே சாதிக்க நிறுவனங்கள் முனைந்தன. 1980களில் சாவி வட்டுகளும் கணினியின் பின்புறம் செருகும் பூட்டுகளும் வந்தன. சோதனைப் பதிப்புகளுக்குள் காலாவதித் தேதி வைக்கும் வழக்கமும் பரவியது. அரைவேக்காட்டுப் பதிப்பு வெளியில் நெடுநாள் உலவக்கூடாது என்ற எண்ணம் நியாயமானதே. ஆனால் அந்தத் தேதியும் ஒரு சாரம்தான். இறுதிப் பதிப்பு வெளிவருமுன் அதைக் கழற்றியாக வேண்டும்.

2008 ஜூலை இறுதியில் வி.எம்.வேர் நிறுவனம் இ.எஸ்.எக்ஸ் 3.5 மென்பொருளின் இரண்டாம் மேம்படுத்தலை வெளியிட்டது. ஒரே வழங்கிக் கணினியைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பகுத்து இயக்கும் மென்பொருள் அது. பெருநிறுவனங்களின் கணினி மையங்கள் அதை நம்பி இருந்தன. ஆகஸ்ட் 12 அன்று, முறையாகப் பணம் செலுத்தியவர்களின் மெய்நிகர் கணினிகளும் உரிமம் முடிந்துவிட்டதென்று சொல்லி எழ மறுத்தன. ஓடிக்கொண்டிருந்தவை ஓடின, நிறுத்தியவற்றை மீண்டும் இயக்க முடியவில்லை, ஓர் இயந்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றவும் முடியவில்லை. சோதனைக் காலத்துக் காலாவதி நிரல் இறுதிப் பதிப்பிலும் அப்படியே தங்கிவிட்டிருந்தது.

திருத்தம் வரும்வரை கைகொடுத்த உபாயத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வழங்கியின் கடிகாரத்தை ஆகஸ்ட் 12க்கு முந்தைய நாளுக்குத் திருப்பி வைப்பதே அது. இலவசச் சோதனைக் காலத்தை நீட்டிக்கொள்ள விரும்புகிறவர் கையாளும் பழைய தந்திரமும் இதுவே. திருடனைத் தடுக்க வைத்த பூட்டு, வீட்டுக்காரரைத் திருடனின் வழியில் நுழைய வைத்தது.

தலைமைப் பொறுப்புக்கு அப்போதுதான் வந்திருந்த பால் மாரிட்ஸ் வெளிப்படையாகக் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டார். அந்த நிரலை நீக்காதது ஒரு தவறு, தரச் சோதனையில் அதைப் பிடிக்காதது இன்னொன்று என இரண்டையும் ஒப்புக்கொண்டார். நம் பார்வையில் இரண்டாவதே ஆழமானது. சோதிப்பவர் இன்றைய தேதியில் அமர்ந்து சோதிக்கிறார். காலாவதிப் பிழையோ நாளைய தேதியில் காத்திருக்கிறது. கடிகாரத்தைச் சில மாதங்கள் முன்னே தள்ளி ஒருமுறை இயக்கிப் பார்த்திருந்தால் அது அகப்பட்டிருக்கும்.

இதற்கு ஓராண்டு முன்பு, 2007 ஆகஸ்ட் 24 அன்று, விண்டோஸின் அசல்தன்மையைச் சரிபார்க்கும் மைக்ரோசாப்ட் வழங்கிகளில் முழுமை பெறாத நிரல் தவறுதலாக ஏற்றப்பட்டது. ஏறத்தாழ 19 மணி நேரம், அசல் வைத்திருந்தவர்கள் சிலரும் போலி வைத்திருப்பவர்களாக முத்திரை குத்தப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவை 12,000 கணினிகளுக்கும் குறைவு என்றது நிறுவனம். எண்ணிக்கை சிறிதாக இருக்கலாம். நேர்மையாக வாங்கியவரைப் பார்த்து நீ திருடன் என்று இயந்திரம் சொல்வது சிறிதன்று.

மற்ற வழுக்கள் வேலையைக் கெடுக்கின்றன. உரிமச் சோதனையில் நேரும் வழு, வாங்கியவர்மீது பழியும் சுமத்துகிறது. ஆகவே போலியைத் தடுக்கிறதா என்று பார்ப்பதோடு அந்தச் சோதனை முடிந்துவிடுவதில்லை. உரியவரை எந்நாளிலும் உள்ளே விடுகிறதா என்று பார்ப்பதே அதன் கடினமான பாதி. முதலில் செய்ய வேண்டிய பாதியும் அதுவே என்போம்.