ஆய்வேடு எழுதுறீங்களா? லிப்ரே ஆபிஸில் மேற்கோள் பட்டியல் தானாகவே வரும்... ஆனா இதைக் கவனிங்க!

ஆய்வேட்டின் நடுவில் ஒரு மேற்கோளைச் சேர்த்தால், அதற்குப் பின்னால் வரும் எண்கள் எல்லாமே மாறும். கையால் திருத்தினால் நாள் கணக்கில் ஆகும். இதற்குக் கைகொடுப்பதுதான் ஜோட்டெரோ.

ஜோட்டெரோ என்றால் என்ன?

அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2006-ல் வெளியான இலவச மென்பொருள். லிப்ரே ஆபிஸ் ரைட்டரிலும் வேலை செய்யும். கட்டுரையைத் தேர்வு செய்தால் போதும், மேற்கோளும் கடைசிப் பக்கப் பட்டியலும் தானாகவே சரியாகிவிடும்.

எங்கே கவனம் தேவை?

வழிகாட்டி வேர்டு ஃபைல் கேட்கிறாரா? படிக்க மட்டும் என்றால், வேர்டு ஃபார்மட்டில் ஒரு நகல் கொடுத்தால் போதும். அதிலேயே திருத்தத்தைத் தொடராதீங்க. அதில் மேற்கோள்கள் வெறும் எழுத்தாகிவிடும். பிறகு தானாக மாறாது. வேர்டிலேயே தொடரணும்னா, ஜோட்டெரோவின் டாக்குமென்ட் பிரிஃபரன்சஸ் பகுதியில் அதற்கான மாற்று வசதி இருக்கு. அதற்கு முன் அசல் ஃபைலைத் தனியாகச் சேமிச்சிடுங்க.