கோட்டைக்கு 21 மரக்கால்

 ரொம்ப நாளாக எழுத நினைத்த விஷயம் இது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

நம் ஊர்ப் பெயரில் நெல்லும் இருக்கிறது, வேலியும் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் வேலி என்றால் நில அளவு, ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். தாமிரபரணிக் கரையில் என் காதில் விழுந்ததெல்லாம் வேறு பேச்சு. "எவ்வளவு வயல்?" என்று கேட்டால் "ரெண்டு கோட்டை விதைப்பாடு" என்பார்கள். ஒரு கோட்டை நெல்லை விதைக்க எவ்வளவு நிலம் வேண்டுமோ, அது ஒரு கோட்டை விதைப்பாடு. நிலத்தையே நெல்லால் அளந்தவர்கள் நாம்.

கோட்டை என்றால் 21 மரக்கால். ஏன் 20 இல்லை என்று தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். "ஒண்ணு சிந்துறதுக்குடே" என்றார். அது அவர் கணக்கு, நான் சாட்சி சொல்ல வரவில்லை.

களத்தில் பொலி அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒண்ணு' என்று சொல்ல மாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். அந்த லாபம் யாருக்கு என்பதில்தான் சங்கதி இருக்கிறது. என் ஆச்சி அறுப்புக்குப் போனவள். அவள் போன ஒரு பெரிய வீட்டில் (பெயர் வேண்டாம்) குத்தகை நெல் வாங்க ஒரு மரக்கால், கூலி நெல் கொடுக்க ஒரு மரக்கால். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். மரக்கால் ஒன்றாகவே இருந்தாலும் வித்தை உண்டு. வாங்கும்போது குலுக்கிக் குலுக்கிக் கும்பம் வைத்து அளப்பது, கொடுக்கும்போது பூப்போல அள்ளித் தலைதட்டி அளப்பது.

ஆறாம் வகுப்பில் உங்களுக்குச் சொன்னது நினைவிருக்கிறதா? பருப்பொருள் இடத்தை அடைக்கும், நிறை உடையது. மரக்கால் பார்ப்பது முதல் பாதியை மட்டும்தான். நெல்லுக்கும் நெல்லுக்கும் நடுவே இருக்கும் காற்றையும் சேர்த்து அளக்கிறது. குலுக்கினால் காற்று வெளியேறும், அந்த இடத்தில் இன்னும் ரெண்டு பிடி நெல் இறங்கும். ஒரு லிட்டர் படியில் அரிசி முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே நிற்கும். அதே படியில் நெல் அரைக் கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். உமிக்குள்ளும் காற்றுதானே.

அளவு ஊருக்கு ஊர் மாறுவது ராஜாக்களுக்கும் தலைவலியாகத்தான் இருந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் கொடுத்த பொன்னை நிறுத்த கல்லுக்கும், நெல் அளந்த மரக்காலுக்கும் 'ஆடவல்லான்' என்று சாமி பெயரே வைத்திருக்கிறார்கள். எந்த மரக்கால் என்று பெயர் சொல்லி எழுதினால்தான் பின்னால் வருகிறவன் ஏய்க்க முடியாது.

நாடு முழுவதற்கும் ஒரே அளவு வந்தது 1956-ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்தால். 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோ படிப்படியாக வந்தது. 1962 ஏப்ரலோடு வீசைக்கும் பலத்துக்கும் சேருக்கும் சட்டத்தில் இடமில்லாமல் போயிற்று. நான் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது புத்தகத்தில் கிலோகிராம், வீட்டில் படி, உழக்கு. ரெண்டையும் படித்தோம். முத்திரை ஆய்வாளர் வருகிறார் என்றால் கடைக்காரர்கள் சில படிக்கற்களை உள்ளே தள்ளுவதையும் பார்த்திருக்கிறேன்.

கிலோ வந்ததும் ஏமாற்று ஒழிந்ததா? உருமாறியது. ஈர நெல் எடை கூடும். அதனால்தான் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் என்று வரம்பு. மழையில் நனைந்த குவியலுக்குக் காவல் கிடக்கும் விவசாயிக்கு அந்த எண் எவ்வளவு பெரிது என்று உங்களில் பலருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி என் மனசுக்குப் பிடித்த இடம். பழைய வாய்பாட்டில் 360 நெல் ஒரு சோடு, 5 சோடு ஒரு ஆழாக்கு, 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி. பெருக்கினால் படிக்கு 14,400 நெல். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேரிடம் ஆளுக்கு நூறு நெல் எண்ணச் சொன்னேன். ஆயிரம் நெல்லை நகைக்கடைத் தராசில் நிறுத்தோம்: 23 கிராம். அப்படியானால் 14,400 நெல் ஏறக்குறைய 330 கிராம். ஒரு பையன் வீட்டிலிருந்து கொண்டுவந்த படியை நிரப்பி நிறுத்தால் 900 கிராமை நெருங்கியது! கிட்டத்தட்ட மூன்று மடங்கு. வாய்பாட்டுப் படி வேறு, அவன் வீட்டுப் படி வேறு. ஒரு படியையும் முழுசாக எண்ணாமலே இதைக் கண்டுபிடித்துவிட்டோம்.

வேதியியலில் மோல் என்று பயந்தீர்களே, அது இந்த வேலைதான். எண்ண முடியாததை நிறுத்து எண்ணுவது. படிக்கு 14,400 போல, மோலுக்கு 6022 போட்டுப் பின்னால் 20 பூஜ்யம். 18 கிராம் தண்ணீர், அதாவது தாமிரபரணியில் ஒரு வாய், அதற்குள் அத்தனை மூலக்கூறு. அத்தனை நெல் வேண்டுமென்றால் இன்றைய உலக விளைச்சலை ஒரு கோடி ஆண்டுக்கு மேல் சேர்க்க வேண்டும்.

கிலோவுக்கும் ஒரு 'ஆடவல்லான்' இருந்தது. பாரிஸ் அருகே வைத்திருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளை. அதன் 57-ஆம் நகல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. 2019 மே 20 முதல் அந்த உருளைக்கு வேலை போயிற்று. இப்போது கிலோவை பிளாங்க் மாறிலியை வைத்து வரையறுக்கிறார்கள். பூட்டி வைக்க, தேய, திருட அங்கே ஒன்றுமில்லை. ஆச்சி இருந்திருந்தால் இதைத்தான் முதலில் கேட்டிருப்பாள்.

ஒரு வேண்டுகோள். சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், ஸ்ரீவைகுண்டம் பக்கத்துச் சொந்தங்களே, உங்கள் வீட்டு மச்சில் பழைய மரக்கால் கிடந்தால் எடுத்துத் தூசி தட்டி, எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். இரும்பாக இருந்தால் தண்ணீர் ஊற்றலாம். மரமாக இருந்தால் வேண்டாம், ஊறிவிடும். அரிசி போட்டு, தலைதட்டி அளங்கள். குலுக்கக் கூடாது!