கண் வழியே ஒரு பாதை

வெடிக்கிற பொருளுக்கும் நோய் தீர்க்கிற பொருளுக்கும் 'மருந்து' என்ற ஒரே பெயரைத்தான் நம் ஜனங்கள் வைத்திருக்கிறார்கள். 1922-ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் வந்தது. வானம் பார்த்த கரிசல் பூமிக்குச் சோறு போட்டது இந்த மருந்துதான். அதுவே கண்ணில் தெறித்துவிட்டால், மற்ற மருந்தைத் தேடி மதுரைக்கு ஓட வேண்டியிருக்கிறது.

கண்ணுக்கு ரண சிகிச்சை செய்வது நமக்குப் புதிதல்ல. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை அரசராக இருந்த இரண்டாம் சரபோஜியின் காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் சரசுவதி மகாலில் இருக்கின்றன. சென்னைக் கண் ஆஸ்பத்திரி 1819-இல் தொடங்கியது. ஆனால் கண்ணுக்கு வைத்தியம் செய்வது வேறு; கண்ணையே வாசலாகக் கொண்டு அதற்குப் பின்னால் மூளையைத் தாங்கும் எலும்புத் தளத்துக்குப் போவது வேறு. இந்த இரண்டாவது காரியத்தின் சரித்திரம் சற்று பயங்கரமானது.

கண் குழி ஒரு கூம்பு போன்றது. அதன் கூரை மெல்லிய எலும்பு. அதற்கு மேலே மூளையின் முன்பகுதி. இந்த மென்மையைக் கண்டுகொண்டவர்களில் ஒருவர், 1937-இல் இத்தாலியில் பியாம்பெர்ட்டி. பிறகு 1946-இல் அமெரிக்காவில் வால்டர் பிரீமன், ஐஸ் உடைக்கும் ஊசி போன்ற ஒன்றை இமைக்கு அடியில் வைத்து, சுத்தியலால் தட்டி உள்ளே செலுத்தினார். சித்தப் பிரமைக்கு இது சிகிச்சையாம்! அவர் ரண சிகிச்சை நிபுணரே அல்ல. ஊசி எதைக் கிழிக்கிறது என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. எத்தனையோ பேர் பிழைத்தும் பிழைக்காதவர்களாக வீடு திரும்பினார்கள். 1967-இல் ஒரு நோயாளி இறந்த பிறகே அவர் கை நின்றது.

வாசலில் குற்றமில்லை, இருட்டில் நுழைந்ததுதான் குற்றம். உடம்புக்குள் விளக்கேற்ற முயன்றவர்களும் இருந்தார்கள். 1806-இல் பொசினி என்ற ஜெர்மன் டாக்டர் ஒரு மெழுகுவர்த்தியையும் கண்ணாடியையும் குழாயையும் சேர்த்து ஒரு கருவி செய்தார். வியன்னா நகரத்துப் பண்டிதர்கள் அதை ஏற்கவில்லை. மூன்றே வருஷத்தில் அவர் விஷ ஜுரத்தில் மாண்டார். 1954-இல் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் ஹாப்கின்ஸும் லண்டனில் கண்ணாடி நூல்களின் கற்றை வழியே உருவத்தைக் கடத்திக் காட்டினார்கள். ஹாப்கின்ஸ் பின்னர் கண்ணாடித் தண்டுகளைக் கோத்து அமைத்த குழாய், உள்ளே இருப்பதைத் தெளிவாகக் காட்டியது. அதுவே இன்றைய உள்நோக்குக் கருவிகளுக்கு வழி வகுத்தது.

பழைய வாசல் மறுபடி திறந்தது 2010-இல். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மோ என்பவரும் அவருடைய சகாக்களும் கண் குழி வழியே உள்நோக்குக் கருவியைச் செலுத்திச் செய்த சிகிச்சைகளை வெளியிட்டார்கள். மேல் இமையின் மடிப்பிலோ இமையின் உள்பக்கத்திலோ சிறு கீறல்; கண்ணை மெல்ல ஒதுக்கி, பார்த்துப் பார்த்து எலும்பைக் குடைகிறார்கள். தகுந்த சில கட்டிகளுக்கு மண்டையைப் பெரிதாகத் திறக்க வேண்டியதில்லை. மூளையை இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை. ஆபத்தே இல்லை என்பதல்ல. இமை வீங்கலாம், பார்வை இரண்டாகத் தெரியலாம். எல்லாக் கட்டிக்கும் இந்த வழி பொருந்தாது.

நம் நாட்டில் மூளை ரண சிகிச்சைக்குத் தனிப் பகுதி 1949-இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியால் உண்டாயிற்று. மறு வருஷம் சென்னையில் டாக்டர் ராமமூர்த்தி தொடங்கினார். விருதுநகருக்கே 2022-இல் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. நாளைக்கு அந்தச் சீமையில் ஒரு தாயிடம், "உன் மகனுக்குக் கண் வழியாகச் சிகிச்சை" என்று சொன்னால் அவள் பதறத்தான் செய்வாள். பிரீமன் பெயரை அவள் கேட்டிருக்க மாட்டாள். ஆனாலும் அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது. "உனக்கென்ன தெரியும்?" என்று அதட்டுவது பதிலாகாது. போகிற வழி முழுவதும் தம் கண்ணுக்குத் தெரியும் என்பதை அவளை உட்கார வைத்து டாக்டர் விளக்கிச் சொல்ல வேண்டும். மருந்தோடு பிழைக்கிறவளுக்கு அது புரியும். இருட்டில் கை வைத்தால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியாததா?